டாக்டரைக் கேளுங்கள்: உடம்பின் கொழுப்பை மார்பகத்துக்கு மாற்றலாமா?

சென்ற மாதம் லைப்போசக்ஷன் (உடம்பிலிருந்து கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை) பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, எடுத்த கொழுப்பை உடம்பின் வேறோர் இடத்தில் வைப்பதும் உண்டு என்று ஒற்றை வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒற்றை வரிக்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. பெரும்பாலானவை மார்பகத்தைப் பற்றியவை. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை நீக்கி, ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

எனக்கு 34 வயது, எடை 52 கிலோ. இரண்டு குழந்தைகளுக்கும் சேர்த்து நான்கு வருடம் தாய்ப்பால் கொடுத்தேன். நிறுத்திய பிறகு மார்பகம் வற்றிவிட்டது. அடிவயிறும் தொடையும் மட்டும் குறையவே இல்லை. ஒரு கிளினிக்கில், வயிற்றுக் கொழுப்பை எடுத்துப் பக்கத்துக்கு 500 மி.லி. வீதம் ஒரே தடவையில் வைத்து இரண்டு கப் சைஸ் கூட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். ஸ்டெம் செல் சேர்ப்பதால் துளியும் கரையாதாம். சிலிக்கான் வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. இதை நம்பலாமா?
- வாசகி, கரூர்

சிகிச்சை முறையை நம்பலாம். அவர்கள் சொன்ன கணக்கை நம்ப வேண்டாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சிகிச்சையின் நல்லதும் கெட்டதும் அந்த ஒரு கணக்குக்குள்தான் அடங்கியிருக்கின்றன.

சிலிக்கான் இம்பிளான்ட், அதாவது மார்பகத்துக்குள் வைக்கும் சிலிக்கான் பை, ஒரு பொருள். 300 மி.லி. அளவுள்ளதை உள்ளே வைத்தால் 300 மி.லி. அப்படியே இருக்கும். கொழுப்பு அப்படியல்ல, அது உயிருள்ள திசு. வயிற்றிலிருந்து உறிஞ்சி எடுக்கும் அந்தக் கணத்திலேயே அதன் இரத்த ஓட்டம் அறுந்துபோகிறது. புதிய இடத்தில் வைத்த முதல் சில நாட்களுக்கு, சுற்றியுள்ள திசுவிலிருந்து கசிந்து வருகிற ஆக்சிஜனையும் ஊட்டத்தையும் கொண்டுதான் அது உயிர் பிழைக்க வேண்டும். அதற்குள் புதிய இரத்த நுண்குழாய்கள் அதைத் தேடி வளர்ந்து வர வேண்டும். அந்தக் கசிவு ஓரத்திலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை மி.மீ. ஆழம் வரைதான் எட்டும். கடலை உருண்டை அளவுக்கு ஒரே இடத்தில் கொழுப்பைக் குவித்தால் ஓரம் பிழைக்கும், நடு செத்துப்போகும்.

காவிரிக் கரைக்காரரான உங்களுக்கு நடவைச் சொன்னால் எளிதில் விளங்கும். நாற்றங்காலில் பிடுங்கிய நாற்றுமுடியைப் பிரிக்காமல் ஒரே குத்தாகச் சேற்றில் இறக்கினால் எத்தனை பிழைக்கும்? பிரித்து, இடைவெளி விட்டு, வயல் முழுக்கப் பரப்பி நட்டால்தான் வேர் பிடிக்கும். வயலின் பரப்பு எவ்வளவோ அவ்வளவு நாற்றுத்தான் நட முடியும். நாற்று மிச்சம் இருக்கிறதே என்று நெருக்கி நட்டால் நட்டதும் கெடும். வற்றிப்போன சிறிய மார்பகம் சிறிய வயல்.

அறுவை அரங்கில் நடப்பது இதுதான். உப்பு நீரில் மரத்துப்போகும் மருந்தும் அட்ரினலினும் கலந்து முதலில் வயிற்றிலோ தொடையிலோ செலுத்துவோம். இரத்தக் கசிவு குறைவதற்காக. பிறகு மூன்று மி.மீ. பருமனுள்ள, முனை மழுங்கிய கேனுலா என்ற குழாயால், அதிக இழுவை இல்லாமல் கொழுப்பை எடுப்போம். அந்த சிரிஞ்சுகளைத் தாங்கியில் நிறுத்திவைத்தால் சில நிமிடங்களில் மூன்று அடுக்காகப் பிரியும்: மேலே உடைந்த செல்களிலிருந்து வந்த எண்ணெய், நடுவில் வெண்ணெய் நிறத்தில் நல்ல கொழுப்பு, அடியில் இரத்தம் கலந்த நீர். சிலர் சுழற்சி இயந்திரத்தில் வைத்துப் பிரிப்பார்கள், சிலர் வடிகட்டிக் கழுவுவார்கள். எந்த வழியானாலும் மேலும் கீழும் உள்ளவற்றை நீக்கினால் எடுத்ததில் ஏறக்குறையப் பாதிதான் மிஞ்சும். அந்த நடு அடுக்கை மெல்லிய கேனுலாவில் ஏற்றி, தோலுக்கு அடியிலும், பால் சுரப்பிக்குப் பின்னாலும், மார்புத் தசைக்குள்ளும், குழாயைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இழை இழையாக இட்டு வர வேண்டும். ஓர் இழைக்கு ஒரு மி.லி.யில் ஒரு பங்குதான் போகும். ஆகவே ஒரு பக்கத்துக்கே நூற்றுக்கணக்கான தடவை குழாய் போய் வர வேண்டும். இந்தப் பொறுமைதான் இந்தச் சிகிச்சை; மற்றதெல்லாம் தளவாடம்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் உடல்வாகுக்கு ஒரு பக்கத்தில் பாதுகாப்பாக வைக்கக்கூடியது ஏறத்தாழ 200 முதல் 250 மி.லி. வைத்ததில் பாதியிலிருந்து எழுபது சதவீதம் வரை தங்கும் என்று எதிர்பார்க்கலாம். 250 வைத்து அறுபது சதவீதம் தங்கினால் மிஞ்சுவது 150 மி.லி.; வீட்டில் இருக்கும் சின்ன காபி டம்ளர் ஒன்றின் அளவு. ஒரு கப் சைஸ் கூட 150 முதல் 200 மி.லி. வேண்டும் என்பதால், ஒரு தடவையில் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு சைஸ், அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. இதற்கே இரு பக்கத்துக்கும் சேர்த்து அரை லிட்டர் சுத்தமான கொழுப்பு, அதாவது ஒரு லிட்டர் அளவுக்கு உறிஞ்சுதல் தேவை. பக்கத்துக்கு 500 என்றால் இரண்டு லிட்டர். 52 கிலோ உடம்பில் அவ்வளவையும் எங்கிருந்து எடுப்பார்கள் என்று அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

அளவுக்கு மீறித் திணித்தால் உள்ளிருக்கும் அழுத்தம் கூடி, வரவேண்டிய இரத்த ஓட்டமே நசுங்கும். செத்த கொழுப்பு எல்லாமே சும்மா கரைந்து போய்விடுவதில்லை. எண்ணெய்க் கட்டியாகத் தேங்கலாம், கல் போல இறுகலாம், சீழ் பிடிக்கலாம். ஆகவே இரண்டு சைஸ் வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறவருக்கு நான் சொல்வது: ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவையாகச் செய்துகொள்ளுங்கள், அல்லது இம்பிளான்ட் பற்றி மனத்தடை இல்லாமல் பேசுங்கள்.

ஸ்டெம் செல் விஷயம். வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய இந்த மூலச் செல்கள் எல்லோருடைய கொழுப்பிலும் இயல்பாகவே உண்டு. நன்றாக எடுத்து நன்றாக வைத்தால் அவையும் கூடவே வருகின்றன. தனியே பிரித்துக் கூடுதலாகச் சேர்ப்பதை ஜப்பானில் தொடங்கிப் பலர் முயன்று பார்த்தார்கள். விளைவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. இரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை நீங்கலாக, ஸ்டெம் செல் சிகிச்சைகளை ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. ‘துளியும் கரையாது’ என்று சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

உங்கள் கடிதத்தில் ‘வற்றிவிட்டது’ என்ற சொல் இருக்கிறது. கண்ணாடி முன் நின்று ஒன்றைப் பாருங்கள்: மார்பகத்துக்கு அடியில் உள்ள மடிப்புக்கோட்டுக்கு மேலே காம்பு இருக்கிறதா, கீழே இறங்கிவிட்டதா? மேலே இருந்தால், மேற்பகுதியில் விழுந்த பள்ளத்தை நிரப்பக் கொழுப்பைப் போல நல்லது வேறில்லை. தொட்டால் இயல்பாக இருக்கும், வயதுக்கு ஏற்ப அதுவும் மாறும். கீழே இறங்கியிருந்தால் கொழுப்பு நிரப்புவதால் தூக்கிக்கொள்ளாது. அதற்குத் தோலைக் குறைத்துத் தூக்கித் தைக்கும் வேறு அறுவை சிகிச்சை இருக்கிறது. அதில் தழும்பு இருக்கும்.

செய்துகொள்வதென்று முடிவெடுத்தால், அறுவை செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பட்டம் பெற்றவரா என்று பாருங்கள். முன்னதாக மார்பக ஸ்கேன் எடுக்கச் சொல்லாத இடத்தில் செய்துகொள்ளாதீர்கள். புகைப்பழக்கம் இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். கொழுப்பை எடுத்த இடத்தில் சில வாரங்கள் இறுக்கமான உடை அணிய வேண்டும், மார்பகத்தையோ எதுவும் அழுத்தக் கூடாது. கம்பி வைத்த பிரா வேண்டாம், குப்புறப் படுக்க வேண்டாம், ஐஸ் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். முதல் மாதம் வீக்கத்தால் பெரிதாகத் தெரியும், பிறகு குறைந்துகொண்டே வரும். மூன்றாவது மாதத்துக்கு மேல் ஆறாவது மாதத்துக்குள் இருப்பதுதான் உங்களுக்கு நிலைக்கும் அளவு. அதன் பிறகு உடம்பு இளைத்தால் அதுவும் இளைக்கும், பருத்தால் அதுவும் பருக்கும். இடம் மாறினாலும் வயிற்றுக் கொழுப்பு தன் குணத்தை விடுவதில்லை.

என் மனைவிக்கு இந்தச் சிகிச்சையைச் செய்ய விரும்புகிறேன். அவருக்கு இதில் பெரிய நாட்டமில்லை. எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- வாசகர், ஓசூர்

நாட்டமில்லாதவருக்கு நான் கத்தியைத் தொடுவதில்லை.

அறுவையே இல்லாமல், அரை மணி நேரத்தில் ஜெல் ஊசி போட்டு மார்பகத்தைப் பெரிதாக்கலாம் என்று விளம்பரம் பார்த்தேன். கொழுப்பும் ஊசிதானே? இரண்டில் எது எளிது? (வயது 28)
- வாசகி, சென்னை

இரண்டும் ஊசி வழியாகப் போகின்றன என்பதைத் தவிர இரண்டுக்கும் ஒற்றுமை எதுவும் இல்லை. கொழுப்பு உங்களுடையது, பிழைத்தால் உங்கள் உடம்பாகவே ஆகிவிடும், பிழைக்காதது கரைந்தோ கட்டியாகியோ நிற்கும். ஜெல் எப்போதும் அந்நியப் பொருள்தான். 

இந்த ஆசைக்கு வயது நூற்றுக்கு மேல். வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற அறுவை மருத்துவர் 1899-இல் பாரஃபின் என்ற மெழுகு வகைப் பொருளை ஊசி வழியே உடம்பில் செலுத்தும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். அது மார்பகத்துக்கும் பரவியது. இறுகிய கட்டிகள், ஆறாத புண்கள், கடைசியில் மார்பகத்தையே எடுக்க வேண்டிய நிலை என்று பலர் துன்பப்பட்ட பிறகு கைவிட்டார்கள். அதன் பிறகு திரவ சிலிக்கான் வந்தது, அதே கதை நடந்தது. சீனாவில் பாலிஅக்ரிலமைடு ஜெல் ஏராளமான பெண்களின் மார்பகத்தில் செலுத்தப்பட்டு, ஜெல் இடம் நகர்ந்து, சீழ் பிடித்து, 2006-இல் அந்நாட்டு அரசு அதைத் தடை செய்தது. ஒரு தடவை பரவிவிட்ட ஜெல்லை முழுவதுமாக வழித்தெடுக்க எந்த அறுவை மருத்துவராலும் முடியாது. தசைக்கும் சுரப்பிக்கும் இடையில் அது எங்கெங்கே புகுந்திருக்கிறது என்று தேடித் தேடி எடுத்தாலும் மிச்சம் இருக்கும். முகச் சுருக்கத்துக்குப் போடும் ஹயலூரானிக் அமில ஜெல்லையும் ஐரோப்பாவில் சில ஆண்டுகள் மார்பகத்துக்குப் பயன்படுத்திவிட்டு, ஸ்கேனில் மார்பகத்தைச் சரியாகப் பார்க்க முடிவதில்லை என்ற காரணத்தால் 2012-இல் நிறுத்தினார்கள். அரை மணி நேரத்தில் போட்டுக்கொள்வது எளிதுதான். போட்டதை எடுப்பதுதான் எளிதில்லை.

எனக்கு 24 வயது, இன்னும் திருமணம் ஆகவில்லை. இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டால் பின்னாளில் தாய்ப்பால் கொடுக்க முடியாமல் போகுமா?
- வாசகி, தஞ்சாவூர்

முறையாகச் செய்தால் கொழுப்பு பால் சுரப்பிக்குள் வைக்கப்படுவதில்லை. அதற்கு முன்னும் பின்னும்தான் வைக்கப்படுகிறது. காம்பைச் சுற்றி வெட்டும் இல்லை. ஆகவே பால் சுரப்பதற்குத் தடை வர வாய்ப்பு குறைவு. ஆனால், கர்ப்பமும் தாய்ப்பால் காலமும் மார்பகத்தின் அளவையும் தோலின் இழுவையையும் அவை விரும்பியபடி மாற்றிவிடும் என்பதால், இப்போது செலவழித்து அடைந்த வடிவம் அப்போது நிற்காது. ஒரு பக்கம் வளராமலே இருப்பது, இரு பக்கங்களுக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இருப்பது போன்ற பிறவிக் குறைகள் இருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை, உடனே வந்து பாருங்கள். வெறும் அளவுதான் விஷயம் என்றால், குழந்தைகள் பிறந்து பால் நிறுத்தி ஆறு மாதம் கழித்து யோசிக்கலாம். பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக அறுவைக்குத் தேதி கேட்டு வரும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்த அவசரத்தில் எழுதியிருக்க மாட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடைக் கொழுப்பை எடுத்து மார்பகத்தில் வைத்துக்கொண்டேன். இப்போது 42 வயது. உடல் பரிசோதனையின்போது எடுத்த மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) ‘சுண்ணாம்புப் படிவுகள்’ இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். புற்றுநோயா? இரவில் தூக்கம் வருவதில்லை.
- வாசகி, திருநெல்வேலி

முதல் கேள்வி: மேமோகிராம் எடுத்தபோது, மார்பகத்தில் கொழுப்பு வைத்துக்கொண்டதை அங்கே சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். நிறையப் பேர் கூச்சப்பட்டுச் சொல்வதில்லை.

பிழைக்காமல் போன கொழுப்பைச் சுற்றி உடம்பு சுவர் எழுப்பும், அந்தச் சுவரில் நாளடைவில் சுண்ணாம்புச் சத்து படியும். இது மேமோகிராமில் பெரும்பாலும் முட்டை ஓடு போல வட்டமாகவோ, சற்றுப் பெரிய, தடித்த புள்ளிகளாகவோ தெரியும். புற்றுநோயைச் சந்தேகிக்க வைக்கும் படிவுகள் பெரும்பாலும் மணல் தூவியது போல நுண்ணியவை, உருவம் ஒன்றுபோல் இராது, ஓரிடத்தில் கூட்டமாகவோ கிளை பிரிந்தோ இருக்கும். ஸ்கேன், எக்ஸ்ரே படங்களைப் பார்த்துச் சொல்லும் அனுபவமுள்ள மருத்துவர், அதாவது ரேடியாலஜிஸ்ட், பெரும்பாலான படங்களில் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவார். பிரிக்க முடியாத சிலவற்றுக்கு எம்.ஆர்.ஐ. எடுப்போம், அல்லது ஊசி மூலம் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்போம். உங்களுடையது எந்த வகை என்று படத்தைப் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது.

இந்தக் குழப்பம்தான் ஒரு காலத்தில் சிகிச்சையையே நிறுத்தி வைத்தது. 1987-இல் அமெரிக்காவில் மெல் பிர்கால் என்ற மருத்துவர் லைப்போசக்ஷனில் எடுத்த கொழுப்பை மார்பகத்தில் செலுத்திய விவரத்தை வெளியிட்டவுடன், அந்நாட்டு பிளாஸ்டிக் சர்ஜன்களின் சங்கம் கடுமையாக எதிர்த்தது. இந்தப் படிவுகள் புற்றுநோயை மறைத்துவிடும் என்பதே அவர்களுடைய அச்சம். மார்பகத்தைச் சிறிதாக்கும் அறுவைக்குப் பிறகும் இதே படிவுகள் வருகின்றனவே, அதை மட்டும் ஏன் யாரும் தடுக்கவில்லை என்று சிலர் கேட்டது நியாயமான கேள்வி. நியூயார்க்கின் சிட்னி கோல்மன் போன்றவர்கள் சிறு சிறு இழைகளாக வைக்கும் முறையைச் செம்மைப்படுத்தி, படம் பிடிக்கும் கருவிகளும் மேம்பட்ட பிறகு, 2009-இல் அதே சங்கத்தின் குழு தன் நிலையைத் தளர்த்திக்கொண்டது.

நீங்கள் செய்ய வேண்டியது: சிகிச்சை செய்துகொண்ட இடத்திலிருந்து, எந்தத் தேதியில், ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை மி.லி. வைத்தார்கள் என்ற குறிப்பை வாங்குங்கள். சிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கேன் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, மார்பகப் படங்களைத் தொடர்ந்து பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் ஒருவரிடம் போங்கள். இந்த வாரமே போங்கள். இனி எடுக்கும் ஒவ்வொரு மேமோகிராமுக்கும் முன்பு, கேட்காவிட்டாலும், இதைச் சொல்லிவிடுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இடது மார்பகத்தில் புற்றுநோய்க் கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இப்போது நோய் இல்லை என்கிறார்கள். ஆனால் அந்த இடம் குழி விழுந்து, தோல் உள்ளே ஒட்டிக்கொண்டது போல் இருக்கிறது. 47 வயதில் இதைச் சரி செய்ய நினைப்பது ஆடம்பரமா? நோய் திரும்பி வருமோ என்றும் பயமாக இருக்கிறது.
- வாசகி, வேலூர்

ஆடம்பரமில்லை. மார்பகத்துக்குக் கொழுப்பு மாற்று என்ற எண்ணமே உங்களைப் போன்ற ஒருவருக்காகத் தோன்றியதுதான். ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் வின்சென்ட்ஸ் செர்னி என்ற அறுவை மருத்துவர், 1895-இல் ஒரு பெண்ணின் மார்பகத்திலிருந்து சாதாரணக் கட்டியை நீக்கிவிட்டு, அவருடைய முதுகுப் பக்கம் வளர்ந்திருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து அந்தக் குழியை நிரப்பினார். அழகுக்குப் பயன்பட்டதெல்லாம் பின்னால் வந்தது.

கதிர்வீச்சு பட்ட தோல் விறைப்பாக, இரத்த ஓட்டம் குறைந்து இருக்கும். ஆகவே அங்கே வைக்கும் கொழுப்பு மற்ற இடங்களை விடக் குறைவாகவே தங்கும். இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக வைக்க வேண்டியிருக்கும். ஆனால் இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இத்தாலியில் ஜினோ ரிகோட்டியும் அவருடைய குழுவினரும் கதிர்வீச்சால் கெட்டுப்போன திசுவில் கொழுப்பை வைத்தபோது, அந்தத் தோலே மென்மையாகி ஆறத் தொடங்கியதை 2007-இல் எழுதினார்கள். அதன் பிறகு பலரும் அதையே கண்டிருக்கிறார்கள். என் கைக்கும் அது தெரியும்: முதல் தடவை கேனுலா உள்ளே போகும்போது காய்ந்த தோலில் ஊசி ஏற்றுவது போல இருக்கும், ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் இரண்டாவது தடவை போகும்போது வழி விடும்.

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கொழுப்பிலுள்ள செல்கள் புற்றுநோய்ச் செல்களைத் தூண்டலாம் என்று ஆய்வுக்கூடச் சோதனைகளில் சில அறிகுறிகள் தென்பட்டன. ஆனால் சிகிச்சை பெற்ற பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த பெரிய ஆய்வுகளில், கொழுப்பு வைத்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பியதாகத் தெரியவில்லை. ஆயினும் உங்கள் புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் நான் இதைச் செய்ய மாட்டேன். குடும்பத்தில் பலருக்கு இந்த நோய் இருந்தாலோ, மரபணுப் பரிசோதனையில் ஏதேனும் தெரிந்திருந்தாலோ அவரிடம் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மருத்துவக் காப்பீட்டில் அழகு சிகிச்சைகளுக்கு இடமில்லை என்று பொதுவாக எழுதியிருக்கும். விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகு செய்யும் சீரமைப்பு அந்த விலக்கில் சேராது. முன்கூட்டியே அனுமதி கேட்கும்போது, இது புற்றுநோய் அறுவைக்குப் பிந்தைய சீரமைப்பு என்று மருத்துவர் தம் கடிதத்தில் தெளிவாக எழுத வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்கப் போகும்போது பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவையும், கதிர்வீச்சு எத்தனை முறை கொடுக்கப்பட்டது என்ற குறிப்பையும், இந்த ஆண்டின் மேமோகிராமையும் எடுத்துச் செல்லுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்களும் வேண்டும்.